வலது சீட்டில் இருப்பவரின் கடன்

காக்பிட்டில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காரும் இரண்டு பேர் பெரும்பாலும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் கொழிஞ்சாம்பாறை வழியாக ஓடும் பஸ்களில் டிரைவரும் கண்டக்டரும் வருஷக்கணக்கில் ஜோடியாக இருப்பவர்கள். கண்டக்டர் மணிக்கயிற்றை இழுக்கிற விதத்திலேயே டிரைவருக்கு விஷயம் புரிந்துவிடும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரிய கம்பெனிகளில் விமானிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ரோஸ்டரை மென்பொருள் போடுகிறது. இன்றைக்கு யாரோடு பறக்கிறோம் என்பது ஃபோனில் வரும். நாளைக்கும் அதே ஆள்தான் என்று சொல்ல முடியாது.

ஆள் மாறினாலும் வேலை மாறக்கூடாது என்பதற்காக எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. யார் ஓட்டுவது, யார் கண்காணிப்பது, எந்த உயரத்தில் யார் என்ன சொல்ல வேண்டும், அதற்கு என்ன பதில் வர வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்வது, எல்லாமே மானுவலில் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேர் நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு பத்திரமாகப் போய்வருவது அதனால்தான். அந்த ஒழுங்கின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் "இது சரியில்லை, மேலே ஏறுங்கள்" என்று சொல்லும் தெம்பை எந்த மானுவலும் தராது. அது ஆளுக்குள் ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு எவ்வளவு கடன், எத்தனை வருஷம் பாண்ட் (அதற்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்), அடுத்த ஆறு மாதத்துக்குச் சம்பளம் வருமா, கமாண்டுக்கு, அதாவது கேப்டன் பதவிக்கு, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையெல்லாம் பொறுத்து அது கூடும், குறையும். இடது சீட்டில் இருக்கும் கேப்டனுக்கும் வலது சீட்டில் இருக்கும் கோ-பைலட்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், விமானிகளின் வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு சீட்டிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இவை ஒரே விஷயமாகத்தான் தெரிகின்றன.

ஒரு நாளின் தொடக்கத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். ரிப்போர்ட்டிங் முடிந்ததும் முதல் வேலை பி.ஏ. டெஸ்ட், அதாவது மூச்சில் மது இருக்கிறதா என்ற சோதனை. கேமராவுக்கு முன்னால் குழாயில் ஊத வேண்டும், பூஜ்யம் வர வேண்டும். முதல் தடவை மாட்டினால் லைசென்ஸ் மூன்று மாதம் போகும், இரண்டாம் தடவை மூன்று வருஷம். இது நல்ல விதி, எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேலைக்கு வந்து நின்ற முதல் ஐந்து நிமிடத்திலேயே பிழைப்பு ஒரு குழாயின் நுனியில் இருக்கிறது என்பதை உடம்பு பழகிக்கொள்கிறது. மதுவைத் தொட்டே பார்க்காதவர்கூட அந்தத் திரையில் எண் வரும்வரை மூச்சு விடாமல் நிற்பார்.

அடுத்து, அன்றைய பயணத் திட்டத்தைத் தரும் டிஸ்பாட்ச் மேசை. அங்கே எரிபொருள் பேச்சு வரும்போதுதான் ஒரு கேப்டனை நான் அளந்துகொள்வேன். போக வேண்டிய ஊருக்கு எவ்வளவு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்கு எவ்வளவு, அங்கேயும் முப்பது நிமிடம் சுற்ற எவ்வளவு என்று கணினி கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கும். அதற்கு மேல் எடுப்பதா வேண்டாமா என்பது கேப்டனின் முடிவு. கூடுதலாக எடுத்தால் எடை கூடும், எடை கூடினால் செலவு கூடும், அது யாருடைய பெயரிலாவது கணக்கில் ஏறும். நான் கோ-பைலட்டாக இருந்த காலத்தில் ஒற்றப்பாலத்துக்காரர் ஒருவர் இருந்தார். வானிலைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "மழை இருக்கு. தம்பி, நீங்க கேப்டனா இருந்தா எத்தனை எடுப்பீங்க?" என்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். நான் ஒரு எண் சொல்லும்வரை அவர் எண்ணைச் சொல்லமாட்டார். வேறு சிலர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஒரு எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். முதல் ஆளோடு பறக்கும் நாளில் நான் மேலேயும் வாயைத் திறப்பேன். இரண்டாம் ஆளோடு பறக்கும்போது வாயைத் திறக்க ஒரு நொடி கூடுதலாக யோசிப்பேன். இறங்கும் நேரத்தில் அந்த ஒரு நொடியில் விமானம் எழுபது மீட்டர் போய்விடும்.

கோ-பைலட் ஏன் யோசிக்கிறார் என்று புரிய, அவர் அந்த சீட்டுக்கு எப்படி வந்தார் என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் சித்தூர் தாலுகா. மேற்கே பாலக்காடு, கிழக்கே கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி. வீட்டில் கொங்குத் தமிழ், தாலுகா ஆபீசிலிருந்து வரும் காகிதம் மலையாளம். தென்னையையும் ஆழியாற்றுத் தண்ணீரையும் நம்பிய பிழைப்பு. எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே பெரிய முதலீடு தோப்புதான். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கும் பரீட்சைகளுக்கும் மெடிக்கலுக்கும், பிறகு ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டப் பழகும் டைப் ரேட்டிங்குக்கும் சேர்த்தால் இன்றைக்கு அரைக் கோடியைத் தாண்டிவிடும். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி ஈடு கேட்கும். ஈடு என்றால் எங்கள் ஊரில் தோப்புதான், தோப்பு என்றால் அதில் பங்குள்ள சித்தப்பா, பெரியப்பா எல்லோருடைய கையெழுத்தும்தான். வலது சீட்டில் மூன்று பட்டையோடு உட்கார்ந்திருக்கும் இருபத்துமூன்று வயதுப் பையன் தனியாக உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் பட்டா அவன் மடியில் இருக்கிறது.

அத்தனையும் செய்து சேர்ந்த கம்பெனி நிலைக்குமா? ஈஸ்ட் வெஸ்ட், சென்னையின் என்.இ.பி.சி., பாரமவுண்ட், விஜயவாடாவின் ஏர் கோஸ்டா என்று தெற்கில் நாம் டிக்கெட் எடுத்த பெயர்கள் எத்தனையோ போய்விட்டன. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். மூடிய ஒவ்வொரு முறையும் செய்தியில் பயணிகளின் டிக்கெட் பணம் பற்றித்தான் பேச்சு. அது நியாயம்தான். ஆனால் மூடுவதற்கு முந்தைய மாதங்களில் அந்த விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எந்த மனநிலையில் ஓட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு அது தெரியும், நான் சேர்ந்த முதல் கம்பெனியும் மூடியது. பெயர் வேண்டாம். சம்பளம் முதலில் சில நாள் தள்ளியது, பிறகு மாதக் கடைசிக்கு, பிறகு பாதி. பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது விதி. அந்த உயரத்தைத் தாண்டி சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் பேச்சு நேராகச் சம்பளத்துக்குப் போகும். யார் எங்கே இன்டர்வியூ போனார், யாருக்கு ஹவுசிங் லோன் தவணை தவறியது, கல்ஃபில் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது. இறங்க ஆரம்பிக்கும்போது பேச்சு நின்றுவிடும், நினைப்பு நிற்காது. கேப்டனும் கோ-பைலட்டும் ஒருவர்மேல் ஒருவர் பாசமாக இருந்த காலம் அது. ஒருவர் வீட்டுக் கஷ்டம் இன்னொருவருக்குத் தெரியும். அதனாலேயே ஒருவரை ஒருவர் திருத்துவதும் குறைந்தது. பெண்ணின் கல்யாணச் செலவுக்கு வழி தெரியாமல் இருக்கும் மனிதரிடம், "சார், வேகம் பத்து நாட் கூட இருக்கு" என்று கண்டிப்பான குரலில் சொல்ல நாக்கு தயங்கும். கோபக்கார கேப்டனால் கோ-பைலட் வாய்மூடுவதைப் பற்றி எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். இரக்கத்தால் வாய்மூடுவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூடிய பிறகு நடப்பது இன்னொரு கதை. விமானியின் அனுபவம் பறந்த மணிக்கணக்கில் இருக்கிறது, சீனியாரிட்டியோ கம்பெனியில் சேர்ந்த தேதியில் இருக்கிறது. புது இடத்தில் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். போயிங் 737 ஓட்டியவருக்கு ஏர்பஸ் 320 கம்பெனியில் மறுபடியும் டைப் ரேட்டிங். எனக்கு லைன் டிரெயினிங்கில், அதாவது பயணிகளோடு பறந்தே பழகும் பயிற்சியில், பாடம் எடுத்த மூத்த கேப்டன் ஒருவர் அப்படி வேறொரு கம்பெனியில் கோ-பைலட்டாகச் சேர்ந்தார். நான்கு பட்டையைக் கழற்றி மூன்று பட்டை போட்டுக்கொண்டார். ஒருநாள் இடது சீட்டில் வந்து உட்கார்ந்தவர், பல வருஷம் முன்னால் அவரே பயிற்சி கொடுத்து ரிலீஸ் செய்த பையன். அந்தப் பையனுக்கு இவரிடம் "செய்யுங்கள்" என்று சொல்ல வரவில்லை. இவருக்கோ, நான் ஏதாவது சொன்னால் இன்னும் வாத்தியார் வேலை பார்ப்பதாக நினைப்பானோ என்று கூச்சம். இறங்கும்போது ஒரு உயரக் கட்டுப்பாடு தவறப்போவதை இரண்டு பேருமே கவனித்தார்கள். மற்றவர் சொல்வார் என்று இரண்டு பேருமே காத்திருந்தார்கள். கன்ட்ரோலர் ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் வேலை நடந்தது. இறங்கியதும் இவரே பேச்சை எடுத்தார்: "இந்தா பார், இங்க நீதான் கேப்டன். நான் கோ-பைலட் வேலையை ஒழுங்கா செய்வேன், நீ கேப்டன் வேலையை ஒழுங்கா செய். பழைய கதை ஹோட்டல்ல வச்சுக்கலாம்." என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் குறையே இல்லை. இப்படிப்பட்ட பெரிய மனது எல்லோருக்கும் வராது, வரவேண்டும் என்று ஒரு தொழில் எதிர்பார்ப்பதும் சரியில்லை.

2020-இல் கொரோனா வந்தபோது ஊதியமில்லா விடுப்பில் நான் வீட்டில் இருந்தேன். ஆகஸ்ட் 7 அன்று காலையிலிருந்து தொலைக்காட்சியில் பெட்டிமுடி. மூணாறுக்கு மேலே ராஜமலையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள்மேல் முந்தைய இரவு மலை சரிந்திருந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்தப் பக்கம் யாராவது உறவுண்டு. அதே நாள் சாயங்காலம் கரிப்பூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோடு ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. உள்ளே 190 பேர். இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். கொரோனா பயத்தையும் கொட்டும் மழையையும் பார்க்காமல் கொண்டோட்டி ஜனங்கள் ஓடிவந்து ஆட்களைத் தூக்கிக் காரிலும் ஆட்டோவிலும் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் விசாரணை அறிக்கை வந்தது. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். முதல் முயற்சியில் விண்ட்ஷீல்டு வைப்பர் வேலை செய்யவில்லை, மேலே ஏறிவிட்டார்கள். இரண்டாம் முறை எதிர்த் திசையிலிருந்து, பின்காற்றோடு வந்தார்கள். 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள், என்று சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. கேப்டன் அதன்படி செய்யவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே இருந்த செங்குத்தான அதிகார இடைவெளியை அறிக்கை குறிப்பிடுகிறது.

இது வரைக்கும் செய்தித்தாளில் வந்தது. என்னை உலுக்கியது அதே அறிக்கையின் வேறொரு வரி. கேப்டன் எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்று நினைத்ததற்கு ஒரு காரணம், மறுநாள் காலை அங்கிருந்து ஒரு விமானத்தை அவர் எடுக்க வேண்டியிருந்தது என்கிறது. வேறு ஊருக்குத் திருப்பினால் பணி நேரக் கணக்கில் அந்தக் காலை விமானம் தட்டிப்போகும். வேறு கேப்டனும் கையில் இல்லை. கோழிக்கோடு பேஸில், அதாவது அந்த ஊரை இருப்பிடமாகக் கொண்ட விமானிகள் குழுவில், அப்போது 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன்தான் நியமிக்கப்பட்டிருந்தார் என்றும், அது நிறுவனத்தின் தவறான மனிதவளக் கொள்கையின் விளைவு என்றும் அறிக்கை எழுதியிருக்கிறது. மழையில், இருட்டில், ஓடுபாதை கண்முன்னே வழுக்கிக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு ஆபீசில் யாரோ போட்ட ஆள் கணக்கும் காக்பிட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. கேப்டன் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் எழுதிக்கொடுக்காத மாத்திரைகளும் எடுத்துவந்தார் என்பதும் அதில் உண்டு. அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மெடிக்கலில் ஒரு எண் கூடினால் வேலையே போகும் என்ற பயத்தோடு வாழும் தொழில் இது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கமின்மை, மனச்சோர்வு எதுவாக இருந்தாலும் முதலில் வருவது "யாரிடமும் சொல்லாதே" என்ற எண்ணம். 2015-இல் மனநோயை மறைத்துவந்த துணை விமானி ஒருவர் ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதி, ஜெர்மன்விங்ஸ் விமானம் 150 பேரோடு போன பிறகுதான், விமானிகள் பயமில்லாமல் மனம்விட்டுப் பேச ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதை உலகம் கவனித்தது.

இந்த அதிகார இடைவெளி நம் ஊர்ப் பெரியவர் மரியாதையிலிருந்து வருகிறது, வெள்ளைக்காரர்களிடம் இது கிடையாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1977 மார்ச் 27-இல் டெனெரிஃபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே ஓட ஆரம்பித்த கே.எல்.எம். விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தின் விளம்பரத்திலேயே படம் வந்தவர். முன்னால் இன்னொரு விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று பின் சீட்டில் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார், கேப்டன் அழுத்தமாக மறுத்தார், அவ்வளவுதான். துணை விமானி ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு ஒரு விவரம் போதும். அவருக்கு 747 ஓட்டத் தகுதி கொடுத்த சோதனையை இரண்டு மாதம் முன்னால் நடத்தியவரே அந்தக் கேப்டன்தான். அவர்கள் டச்சுக்காரர்கள். பிழைப்புக்குக் கையெழுத்துப் போட்டவரை எதிர்த்துப் பேசுவது எந்த ஊரிலும் கடினம். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு விமானம் லேண்டிங் கியர் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பிறகுதான் 1979-இல் நாசா ஒரு கருத்தரங்கு கூட்டியது, காக்பிட்டில் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசி வேலை செய்யப் பழக்கும் சி.ஆர்.எம். என்ற பயிற்சி பிறந்தது. இன்று எல்லா விமானிகளும் அதைப் படித்தாக வேண்டும். நல்ல பயிற்சி. ஆனால் அதைப் படித்த நாட்டில்தான் 2010 மே 22-இல் மங்களூரில், கோ அரவுண்ட் என்று கோ-பைலட் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்ன பிறகும் விமானம் இறங்கி 158 பேர் போனார்கள். வகுப்பில் தைரியம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் கையில் பாண்டைக் கொடுத்தால் எது நிற்கும்?

இப்போது நான் இடது சீட்டில் இருக்கிறேன். ஒரு ஜூலை மாதம், கரிப்பூர். மேட்டில் அமைந்த ஓடுபாதை என்பதால் மழைக்காலத்தில் கேப்டன்தான் இறக்க வேண்டும். வலது பக்கம் திருச்சூர்ப் பெண், சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, பாண்டில் இருப்பவள். ஆயிரம் அடியில் எல்லாம் சரியாக இருந்தது. மேகத்திலிருந்து வெளியே வந்ததும் வைப்பர் முழு வேகத்தில் அடிக்க, ஓடுபாதை விளக்குகள் கண்ணாடியில் கரைந்து கரைந்து தெரிந்தன. காற்று சட்டென்று மாறியது. "ஸ்பீட்" என்றாள். நான் "செக்ட்" என்று திருத்திக்கொண்டிருக்கும்போதே, "சிங்க் ரேட்" என்றாள், இறங்கும் வேகம் அதிகம் என்று பொருள். உடனே, குரல் கொஞ்சமும் தாழாமல், "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்." த்ரஸ்ட் லீவரை முழுக்க முன்னால் தள்ளினேன், "கோ அரவுண்ட், ஃப்ளாப்ஸ்." மூக்கு தூக்கியது, சீட் முதுகில் அழுத்தியது. "பாசிட்டிவ் க்ளைம்ப்." "கியர் அப்." சக்கரங்கள் உள்ளே மடங்கும் சத்தம் கேட்டது. மழை விடவில்லை, எரிபொருள் கணக்குப் பார்த்துக் கோயம்புத்தூருக்குத் திருப்பினோம்.

பீளமேட்டில் இறங்கி நின்றதும் உள்ளே ஒரே கூச்சல். வேறொரு விமானம் கரிப்பூரில் இறங்கிவிட்டது என்று யாருக்கோ ஃபோன் வந்திருந்தது. பெரியவர் ஒருவர் கதவருகே வந்து, "அவங்களுக்கு முடிஞ்சது உங்களுக்கு ஏன் முடியல?" என்றார். மகளின் நிச்சயதார்த்தத்துக்காக வந்தவர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, பதில் சொன்னேன், கேட்டுக்கொண்டார். திரும்பி காக்பிட்டுக்கு வந்தால், அந்தப் பெண் பேப்பர் வேலையை முடித்துவிட்டு நேராக உட்கார்ந்திருந்தாள். "சார், இது என் ஃபைலில் போகுமா?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் கேட்கிறது. அத்தனை பேரைப் பத்திரமாகக் கொண்டுவந்த அழைப்பு அது. அதற்கு அவள் எதிர்பார்த்தது ஃபைலில் ஒரு கறை. கோ அரவுண்ட் செய்ததற்காக யார்மேலும் நடவடிக்கை கூடாது என்று எங்கள் மானுவலில் எழுதியிருக்கிறது, அவளுக்கும் தெரியும். எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதும் அவளுக்குத் தெரியும். யாரோ ஒரு கேப்டன் எங்கேயோ முகம் சுளித்திருக்கிறார், யாரோ ஒருவருக்குக் கமாண்ட் தள்ளிப்போயிருக்கிறது, அந்தக் கதை க்ரூ பஸ்ஸில் ஓடியிருக்கிறது. "போகும், நான்தான் எழுதப்போறேன். நீ நல்லாச் செஞ்சேன்னு எழுதப்போறேன்" என்றேன். எழுதினேன்.

கேப்டனின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி போடுகிற கோ-பைலட்டோடு பறப்பதும் ஆபத்துதான். கடைசி முடிவும் கடைசிப் பொறுப்பும் இடது சீட்டுக்கு. அதை விட்டுக்கொடுக்க நான் சொல்லவில்லை.

கம்பெனிகளும் அரசும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வேலையை விட கேப்டன் பன்னிரண்டு மாதமும் கோ-பைலட் ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2017 முதல் விதி. விமானி போகக்கூடாது என்பதற்கு விதி இருக்கிறது. கம்பெனி மூடும்போது விமானிக்கு எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று அந்த விதி பேசுவதில்லை. ஓய்வு நேர விதிகள் 2025-இல் மாறின. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. அதே டிசம்பரில் நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனம் அதற்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்யாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, உடனே விதியில் தற்காலிகத் தளர்வு கொடுத்தார்கள். பயணிகள் தவித்ததை நானும் பார்த்தேன். ஆனால் தூக்கத்துக்கான விதியை இப்படித் தள்ளிவைக்கலாம் என்று ஒவ்வொரு கோ-பைலட்டும் அன்றைக்குத் தெரிந்துகொண்டான். "எனக்குக் களைப்பா இருக்கு, இன்னிக்குப் பறக்கமாட்டேன்" என்று ஃபோனில் சொல்ல இனி அவனுக்கு எவ்வளவு தெம்பு வேண்டும்?

ஒரு பேஸில் எத்தனை கேப்டன், கோ-பைலட்டின் ஃபைலை யார் எழுதுகிறார், எழுதியதை அவர் பார்க்க முடியுமா, களைப்பு என்று சொன்னவருக்கு அடுத்த மாத ரோஸ்டர் எப்படி வந்தது, பாண்டின் தொகை என்ன, இவை எல்லாவற்றையும் விமானப் பாதுகாப்புத் தணிக்கையில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டயரின் தேய்மானத்தை அளப்பதுபோலவே இதையும் அளக்கலாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் அவனுடைய அப்பாவோடு வந்திருந்தான். லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன், இப்போது ஒரு கம்பெனியில் எடுத்திருக்கிறார்கள். டைப் ரேட்டிங்குக்குப் போகிறான், பாண்ட் காகிதத்தைக் காட்ட வந்தார்கள். அவன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டான்: "அண்ணா, நான் சொல்லியும் கேப்டன் கேக்கலீன்னா என்னங்ண்ணா பண்றது?"

"மொதல்ல எண்ணைச் சொல்லு கண்ணு. வேகம் இவ்வளவு, உயரம் இவ்வளவுன்னு. பதில் வரலீன்னா அவர் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யணும்னு சொல்லு. ரெண்டு தடவை சொல்லியும் பதிலோ திருத்தமோ வரலீன்னா, அவருக்கு உடம்பு முடியலைன்னு எடுத்துக்கோன்னு விதியே இருக்குது. 'ஐ ஹாவ் கன்ட்ரோல்'னு சத்தமாச் சொல்லி, சைட் ஸ்டிக் பட்டனை அமுக்கிப் புடிச்சுட்டு மேல ஏறிடு. எறங்குனதும் அன்னிக்கே ரிப்போர்ட் எழுதிடு, அடுத்த நாளுக்கு வைக்காதே. எனக்கும் ஃபோன் பண்ணு."

சிமுலேட்டரில் அதைப் பழகக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். திண்ணையில் அவன் அப்பா காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏனுங் தம்பி, கம்பெனியே மூடிட்டா இந்தக் காசை நாங்க கட்டோணுங்களா?" என்றார். பாண்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். கேட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று பையன் முகத்தைப் பார்த்தார். பாலக்காட்டில் எனக்குத் தெரிந்த வக்கீலிடம் அன்றைக்கே மூன்று பேரும் போனோம்.